தம்போய்க் குசினிகளில் காற்றுக்கு வழி எங்கே?

ஜொகூர் பாரு நகர மையத்திலிருந்து ஸ்கூடாய் நெடுஞ்சாலை வழியாக வந்த பேருந்து, தம்போயில் அங்சானா பேரங்காடிப் பக்கம் என்னை இறக்கிவிட்டபோது காலை ஒன்பது மணி இருக்கும். வெள்ளிக்கிழமை. வெயில் அதற்குள் தோளைச் சுடத் தொடங்கியிருந்தது. லாரிகளின் டீசல் நெடி, சாலையோரக் கடையில் பொரியும் வாழைப்பழப் பலகாரத்தின் வாசம், வடிகாலிலிருந்து வரும் ஈர நாற்றம் மூன்றும் மாறி மாறி மூக்கில் ஏறின. நான் தேடி வந்த வாயுவுக்கு இப்படி எந்த வாசமும் கிடையாது.

தோள்பையில் அளவு நாடாவும், எண் காட்டும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் இருந்தன. சமையல் எரிவாயு எரியும்போது போதிய காற்று கிடைத்தால் கார்பன் டைஆக்சைடும் நீராவியுமாக முடிந்துவிடும். காற்று குறைந்தால் பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நிறமில்லை, சுவையில்லை, கண் எரிச்சல் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்தோடு பற்றிக்கொள்ளும். தம்போய் வீடுகளில் இந்த வாயு பிறக்க இடமிருக்கிறதா, பிறந்தால் வெளியே போக வழியிருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

பேரங்காடியிலிருந்து பத்து நிமிட நடையில் பழைய கடை வரிசை வந்தது. ஐந்தடி நடைபாதையில் இரண்டு மெர்போக் புறாக் கூண்டுகள் தொங்கின. அந்தக் காலத்துச் சுரங்கங்களில் இதே வாயுவைக் கண்டுபிடிக்கப் பறவையைத்தான் கொண்டு போனார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890-களில் தன் உடம்பிலேயே இந்த வாயுவைச் சோதித்துப் பார்த்து, மனிதனைவிடச் சிறு பறவைக்கு முன்னதாக மயக்கம் வரும் என்று சொன்னார். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரைக்கும் கேனரிக் குருவி வேலையில் இருந்தது. மூக்கை நம்ப முடியாது என்பதால்தான் அந்த ஏற்பாடு.

வரிசையின் கடைசிக் கடை எரிவாயு முகவருடையது. வாசலில் எரிவாயுத் தோங்குகள் இரண்டடுக்காக நிற்க, இரும்புச் சங்கிலி ஒன்று அவற்றைக் கட்டியிருந்தது. விலைப் பலகையில் 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 காசு, 12 கிலோ 22 வெள்ளி 80 காசு. கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு என்று அரசு கட்டிவைத்திருக்கும் விலை அது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரக் கூலி தனி. தரைவீட்டுக்கு மூன்று வெள்ளி, மின்தூக்கி இல்லாத நான்காவது மாடிக்கு ஆறு வெள்ளி என்றார் கடைக்காரர். அறுபது வயதைத் தாண்டிய தமிழர். கை நகங்களில் கறுப்பு ஏறியிருந்தது.

"அண்ணே, ஜனங்க உங்களுக்குப் போன் பண்ணா என்ன சொல்லிப் பயப்படுவாங்க?" என்று கேட்டேன்.

"வாசம் வருதும்பாங்க தம்பி. வேற என்ன? போய்ப் பாத்தா வாஷர் தேஞ்சிருக்கும், இல்ல ரப்பர் குழாய் வெடிச்சிருக்கும். மாத்திக் குடுத்துட்டு வருவேன். புத்ரா ஹைட்ஸ்ல பத்திக்கிச்சே, அதுக்கப்புறம் பயம் கூடிப்போச்சு."

2025 ஏப்ரல் 1-ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து வானுயரத் தீ எழுந்ததை நாடே பார்த்தது. அந்தப் பயம் நியாயமானது. அவர் கடையில் சிரிம் முத்திரை பதித்த ரெகுலேட்டர் 30 வெள்ளிக்கும், ரப்பர் குழாய் மீட்டர் கணக்கிலும் நன்றாக விற்கின்றன. "அடுப்பு எரியும்போது வர்ற வாயுவைப் பத்தி யாராவது கேட்டிருக்காங்களா?" என்றேன். "எரிஞ்சா அப்புறம் என்ன தம்பி வாயு? அதான் எரிஞ்சுபோச்சே" என்றார்.

சொன்னது இப்படி. ஆனால் அடுத்த நிமிடம் அவர் கை செய்தது வேறு. பழுதுபார்க்க வந்திருந்த இரட்டை அடுப்பு ஒன்றைப் பலகையில் வைத்துப் பற்றவைத்தார். இடப்பக்க பர்னரில் சுடர் நீலமாக, கூராக, லேசான இரைச்சலோடு நின்றது. வலப்பக்கம் சுடர் நீளமாக மஞ்சளாய் ஆடியது. ஒரு பழைய தட்டை அதன் மேல் காட்டினார். சில வினாடிகளில் கரி படிந்தது. அடுப்பின் அடியில் இருந்த சின்னத் தகட்டைத் திருகிக் காற்றுத் துளையைப் பெரிதாக்கினார். மஞ்சள் சுருங்கி நீலமானது. "காத்து பத்தல, எண்ணெப் பிசுக்கு அடைச்சிருக்கு" என்றார். கார்பன் மோனாக்சைடு பற்றி நான் சொல்ல வேண்டிய பாடத்தில் பாதியை அந்தத் திருகல் சொல்லிவிட்டது. மஞ்சள் சுடரும் பாத்திரத்தின் அடியில் கரியும் தெரிந்தால் அந்த அடுப்பு மூச்சு முட்டி எரிகிறது.

அவர் கடையின் மூலையில் ஹை பிரஷர் அடுப்புகளும் இருந்தன. கோயில் அன்னதானத்துக்கும் கல்யாணச் சமையலுக்கும் வைக்கும் மூன்று கால் அடுப்பு. ஒன்று 45 வெள்ளி. அதைத் திறந்தவெளியில்தான் மூட்ட வேண்டும். இப்போது வீட்டுப் பின்கட்டுக் குசினிக்கும் வாங்கிப் போகிறார்களாம். மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் எரிவாயு தின்னும் அடுப்பை நான்கு சுவருக்குள் வைக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

சமையல் எரிவாயுவுக்கும் சொந்தமாகப் பெரிய வாசம் இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்று கந்தகம் கலந்த ஒரு பொருளைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்தச் சேர்மானம் சுடரில் எரிந்துபோகும். எரிந்த பிறகு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு யாரும் வாசம் சேர்க்க முடியாது. ஜொகூர்க்காரர்களுக்கு வாசம் பற்றிய நினைவு ஒன்று ஆழமாக இருக்கிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியபோது ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினார்கள். அங்குள்ள 111 பள்ளிகளையும் மூடினார்கள். நாற்றம் முதலில் வந்து எச்சரித்தது. வீட்டுக்குள் பிறக்கும் இந்த வாயு அந்த உதவியைக்கூடச் செய்யாது.

எதிர்ச்சாரியில் இருந்த சீனரின் ஹார்ட்வேர் கடைக்குள் நுழைந்தேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று மலாயில் கேட்டதும் அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு வெள்ளை வட்டப் பெட்டியை எடுத்துத் தந்தார். 35 வெள்ளி. பெட்டியின் மேல் எழுதியிருந்ததை முழுதாகப் படித்தேன். அது புகை அலாரம். புகைத்துகளை உணரும், கார்பன் மோனாக்சைடை உணராது. என் பையிலிருந்த கருவியைக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை என்றார். இணையத்தில் 60 வெள்ளியிலிருந்து 150 வெள்ளி வரை கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் ஐரோப்பியத் தரம் இ.என். 50291 என்ற குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இந்த வாயு இருந்தால், அந்தத் தரத்துக் கருவி 60 முதல் 90 நிமிடத்துக்குள் கத்தும். 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடம். 300 பங்கு என்றால் மூன்று நிமிடத்துக்குள்.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து பழைய தாமான் ஒன்றுக்குள் திரும்பினேன். ஒற்றை மாடி வரிசை வீடுகள். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி மாடம், போர்ச்சில் இரண்டு மோட்டார் சைக்கிள். நண்பர் ஒருவர் சொல்லிவைத்திருந்ததால் அந்த வீட்டு அக்கா கதவைத் திறந்து நேரே குசினிக்கே அழைத்துப் போனார்.

இந்த வரிசை வீடுகளைக் கட்டும்போது பின்னால் திறந்த முற்றம் விட்டுத்தான் கட்டினார்கள். குசினியின் ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். 1984-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 39-ஆம் விதி, குடியிருக்கும் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது ஐந்து விழுக்காடு அளவுக்குக் காற்று தடையில்லாமல் போய்வரும் திறப்பு வேண்டும் என்கிறது. நான் பார்த்த வரிசையில் அநேகமாக எல்லா வீட்டிலும் அந்த முற்றத்துக்குக் கூரை போட்டாயிற்று. அக்கா வீட்டிலும் அப்படித்தான். பழைய ஜன்னல் இன்னும் இருக்கிறது. திறந்தால் புதுக் குசினிக்குள்தான் திறக்கிறது.

நாடாவை எடுத்து அளந்தேன். புதுக் குசினி 3.6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். ஏறக்குறைய 23 கன மீட்டர் காற்று. தரைப்பரப்பு 8.6 சதுர மீட்டர், ஐந்து விழுக்காடு என்றால் முக்கால் மீட்டருக்கு அறுபது சென்டிமீட்டர் அளவில் ஒரு திறப்பு வேண்டும். நான் கண்டது, பின்கதவுக்குப் பக்கத்தில் நாக்கோ கண்ணாடி ஜன்னல் ஒன்று, அதற்கு மேலே துளைச் செங்கல் ஒரு வரிசை. கொசுவுக்காகத் துளைகளை உள்ளிருந்து பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்திருந்தது. நாக்கோ கண்ணாடியின் கைப்பிடி துருப்பிடித்து மூடிய நிலையிலேயே நின்றுவிட்டது.

"திறக்கிறதே இல்லையாக்கா?"

"ராத்திரியில எப்படித் தம்பி தெறக்கிறது? பின்சந்துல ஆள் நடமாட்டம். மவன் சிங்கப்பூர்ல வேலை. நாலரைக்கெல்லாம் பாலத்துக்குப் போயாவணும். நான் மூணரைக்கு எழுந்திரிச்சு சோறு கட்டுவேன். அந்நேரம் எல்லாம் சாத்திதான் இருக்கும். ஆனா மேல ஹூட் இருக்குல்ல, அது இழுத்துக்கும்."

ஹூட் போட்டுக் காட்டினார். பெரிய சத்தம். காகிதத்துண்டைப் பிடித்துப் பார்த்தேன், மேலே ஒட்டிக்கொண்டது. இழுப்பது உண்மை. இழுத்தது எங்கே போகிறது என்று பார்க்க மேல் அலமாரியின் கதவைத் திறக்கலாமா என்று கேட்டேன். உள்ளே மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் அலுமினியக் குழாய் ஒரு முழ நீளம் வளைந்து, அலமாரிக்குள்ளேயே முடிந்திருந்தது. சுவரில் துளை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு வடிகட்டியில் தங்கும். வாயு அதே அறைக்குத் திரும்பி வரும். அக்கா அதைக் குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. மூன்று வருடமாக அந்த இரைச்சலை நம்பியிருக்கிறார்.

ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். இரண்டு பர்னரும் நன்றாக எரிந்தால் மணிக்கு அரைக் கிலோ செலவாகும், ஆறு கன மீட்டர் காற்று. இந்தக் குசினியின் காற்றில் கால் பங்கு. கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் உள்ளே வரும் என்றாலும், எரியும் நேரம் நீள நீள ஆக்சிஜன் குறைந்து சுடர் சோர்ந்து கார்பன் மோனாக்சைடு கூடும். பர்னரைச் சுற்றிச் சுத்தத்துக்காக அலுமினியத் தாள் ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். அது பர்னருக்குக் கீழிருந்து வரும் காற்றையும் மறித்திருந்தது.

கருவியை மேசை மேல் வைத்துவிட்டு, தாளை உரித்து, கதவைச் சாத்தி அடுப்பைப் பற்றவைத்தோம். சுடர் நீலம். எண் பூஜ்யத்திலேயே நின்றது. நல்ல அடுப்பு கொஞ்ச நேரம் எரிந்தால் பயமில்லை என்பதற்கு அது சாட்சி. பிறகு அக்கா வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்காகக் கரித்துண்டுகளைக் கரண்டியில் வைத்துச் சுடரில் காட்டினார். கரி கனன்று சிவந்து தூபக்காலுக்கு மாறியதும் பூஜ்யம் நகர்ந்தது. சில நிமிடத்தில் 30-ஐத் தாண்டியது. சாம்பிராணியை அதுவரை போடவே இல்லை. புகையும் இல்லை, மணமும் இல்லை, வெறும் கரிக்கனல்தான். பின்கதவைத் திறந்தோம். எண் இறங்கத் தொடங்கிற்று. இத்தனை தூரம் நடந்து வந்ததற்கு அந்த இறக்கத்தைப் பார்த்ததே போதும்.

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி, ஜன்னலைச் சாத்தி, தூபக்காலைத் தொட்டிலுக்குக் கீழே வைப்பது நம் வீடுகளில் உண்டு. கனலும் கரியை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. கரியை வெளியே பற்றவைத்து, தூபம் காட்டிவிட்டு, உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

"காலையில தலை பாரமாத்தான் இருக்கு. பித்தம்னு நெனச்சு இஞ்சித்தண்ணி குடிப்பேன்" என்றார் அக்கா. அதற்கு இந்த வாயுதான் காரணம் என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. ஒரு மாதம் கதவைத் திறந்துவைத்துச் சமைத்துப் பாருங்கள், தலைபாரம் நிற்காவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மதியச் சாப்பாடு கடை வரிசையில். வாழையிலைச் சோறு, ஒரு முட்டையோடு ஒன்பது வெள்ளி. பிறகு அதே சாலையில் ஐந்து மாடி ரூமா பங்சா கட்டடங்களுக்கு நடந்தேன். மின்தூக்கி இல்லை. நான்காவது மாடி ஏறுவதற்குள் சட்டை நனைந்தது. கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதியர் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் போட்டிருந்த மின்சார வெந்நீர்க் கருவி கெட்டுப்போய், மாற்றித் தர நாளானதால் இணையத்தில் 230 வெள்ளிக்கு எரிவாயு வெந்நீர்ப்பெட்டி வாங்கி அவர்களே மாட்டிக்கொண்டார்கள். மலேசியாவில் மின்சாரக் கருவிதான் வழக்கம் என்பதால் கடைகளில் இதைப் பார்ப்பது அரிது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது.

"பாத்ரூமுக்குள்ள மாட்டக் கூடாதுன்னு அட்டையில போட்டிருந்துச்சுண்ணா. அதான் வெளிய மாட்டினேன்" என்றார் அந்தத் தம்பி. துணி காயவைக்கும் பின்கட்டைத்தான் வெளியே என்றார். போய்ப் பார்த்தேன். கட்டியபோது அது இடுப்புயரச் சுவரோடு திறந்த இடம். மழைச்சாரல் துணியை நனைக்கிறது என்று முன்பு குடியிருந்த யாரோ சுவருக்கு மேலே பாலிகார்பனேட் தகடுகளால் கூரைவரை அடைத்திருக்கிறார்கள். நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் 1.2 மீட்டர். குளியலறையின் நாக்கோ ஜன்னல் அந்தப் பெட்டிக்குள்தான் திறக்கிறது. வெந்நீர்ப்பெட்டியின் தலையில் புகைக்குழாய் பொருத்தும் வாய் இருந்தது, குழாய் இல்லை. வாய்க்கு மேலே சுவரில் பழுப்பாக ஒரு கறை ஏறியிருந்தது.

நிமிடத்துக்கு ஆறு லிட்டர் சூடாக்கும் பெட்டி ஏறக்குறைய 12 கிலோவாட். மணிக்கு 0.9 கிலோ எரிவாயு, 11 கன மீட்டர் காற்று. அந்தப் பின்கட்டில் இருப்பதே ஐந்து கன மீட்டருக்குக் குறைவு. இருவர் அடுத்தடுத்துக் குளித்து அரைமணி நேரம் எரிந்தால் அந்தப் பின்கட்டுக் காற்று முழுவதும் தீரும் கணக்கு. எரிந்த வாயு போகும் ஒரே வழி குளியலறை ஜன்னல்.

பற்றவைத்துக் காட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 2023 மார்ச்சில் ஹோலிப் பண்டிகை நாளில், மும்பை காட்கோபரில் ஒரு தம்பதியரும், டில்லிக்குப் பக்கத்தில் காஜியாபாத்தின் முராத்நகரில் இன்னொரு தம்பதியரும், சாயம் கழுவக் குளியலறைக்குப் போனவர்கள் இறந்து கிடந்ததைச் சொன்னேன். இரண்டு இடத்திலும் போலீஸ் சந்தேகப்பட்டது எரிவாயு வெந்நீர்ப்பெட்டியை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அந்தப் பெண் கணவரைப் பார்த்தார். அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து அப்போதே இரண்டு தகடுகளைக் கழற்றினார். உள்ளே காற்று வீசியது, கொடியில் துணி ஆடியது. புகைக்குழாய் போட்டு வெளிச்சுவருக்கு அப்பால் நீட்டும்வரை பெட்டியைப் பயன்படுத்துவதில்லை என்றும் சொன்னார். எரிவாயு வேலை தெரிந்த, எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்றவரைத்தான் அழைக்க வேண்டும் என்றேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் எரிவாயுக் குழாயில் உரிமம் பெற்ற பணியாளர்தான் கைவைக்கலாம். அங்கே வேலைக்குப் போய்வரும் தம்பிக்கு அது தெரிந்தே இருந்தது.

மூன்று மணிக்கு ஒரு கிளினிக்கில் காத்திருந்து டாக்டரைப் பார்த்தேன். கார்பன் மோனாக்சைடு என்று சந்தேகித்து வந்த நோயாளி யாரும் நினைவில் இல்லை என்றார். "தலைவலி, குமட்டல், தலைசுற்றல்னு தினமும் வர்றாங்க. காய்ச்சல், தூக்கமின்மை, காஸ்ட்ரிக்னுதான் முதல்ல தோணும்" என்றார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை எனக்கு மாட்டினார், 98 காட்டியது. ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியவருக்கும் இது நல்ல எண்ணையே காட்டும், இரண்டின் நிறத்தையும் இது பிரித்தறியாது, ரத்தத்தைத் தனியாகச் சோதித்தால்தான் தெரியும் என்று விளக்கினார். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். ஆகவே வீட்டில் படுத்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் குறைகிறது, உள்ளே வந்தால் கூடுகிறது என்றால் டாக்டரிடம் அதை அப்படியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கண்டுபிடிக்க வழியில்லை.

மாலையில் வெயில் தணிந்ததும் சாலையோரத்தில் சத்தேக் கடை கிளம்பியது. நீளமான கரியடுப்பு, பனையோலை விசிறி, கொழுப்பு சொட்டும் சத்தம். பின்னால் ஜெனரேட்டர் ஓடியது. திறந்தவெளி என்பதால் வாயு கலைந்து போகிறது. மழை வந்தால் நான்கு பக்கமும் கித்தானை இறக்கிவிடுவோம் என்றார் கடைக்காரர். கொடைக்கானலில் 2024-இல் திருச்சி இளைஞர்கள் இருவர் இறந்தது, குளிருக்காகப் பார்பிக்யூ கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியதால். அதே ஆண்டு டிசம்பரில் கேரளம் வடகராவில் சாலையோரம் நிறுத்திய கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்தார்கள், ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்து. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலையில் ஒரு விடுதி அறைக்குள் எரிவாயு ஹீட்டர் வைத்துத் தூங்கிய கேரளத்துச் சுற்றுலாக்காரர்கள் எட்டுப் பேர், நான்கு குழந்தைகள் உட்பட, உயிர் பிழைக்கவில்லை. கதவும் ஜன்னலும் உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தன. இங்கிருந்து கேமரன் மலைக்கோ நேபாளத்துக்கோ சுற்றுலா போகும் நம் குடும்பங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பேருந்துக்குத் திரும்பும் வழியில் பேரங்காடியின் திறந்த வாகன நிறுத்தத்தில் ஒரு கார், கண்ணாடி முழுக்க மூடி, என்ஜின் ஓட, ஏர்கான் போட்டு நின்றது. உள்ளே ஒருவர் சாய்ந்து தூங்கினார். சிங்கப்பூர் வேலை முடித்து வந்த களைப்பாக இருக்கலாம். கண்ணாடியைத் தட்டினேன். விழித்தார். காரணத்தைச் சொன்னதும் என்ஜினை அணைத்துக் கதவைத் திறந்துவைத்தார். புகைக்குழாய் ஓட்டையாகிப்போன வண்டியில் இந்தத் தூக்கம் விழிப்பில் முடியாமல் போகலாம்.

அன்று நான் கேட்டது ஒன்று, கண்டது ஒன்று. அடுப்பு நல்ல அடுப்பு என்றார்கள், ஹூட் இழுக்கிறது என்றார்கள், பெட்டியை வெளியேதான் மாட்டினோம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் கட்டியவர்கள் விட்டுவைத்த காற்று வழியைக் குடியிருந்தவர்கள் அடைத்திருந்தார்கள், திருடனுக்காக, கொசுவுக்காக, மழைக்காக. எல்லாம் நியாயமான காரணங்கள். அந்த வழியை இரும்பு வலையோ கம்பியோ போட்டுத் திறந்தே வைக்க முடியும் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தாமான்களில் கூரை போட்டுத் தரும் குத்தகையாளர்களும், அனுமதி கொடுக்கும் நகராண்மையும், வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களும் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். இன்றைக்கே குசினிக்குப் போய், கதவைச் சாத்திய பிறகும் காற்று வந்துபோகும் திறப்பு எது என்று தேடுங்கள். அடைத்திருந்தால் திறந்து வலை போடுங்கள். ஹூட் குழாய் சுவருக்கு வெளியே போகிறதா என்று அலமாரியைத் திறந்து பாருங்கள். சுடர் மஞ்சளானால் அடுப்பைப் பழுது பாருங்கள். வெந்நீர்ப்பெட்டியைப் புகைக்குழாய் இல்லாமல் பற்றவைக்காதீர்கள். கரியையும் ஜெனரேட்டரையும் கூரைக்குக் கீழே கொண்டுவராதீர்கள். கையில் காசு இருந்தால் படுக்கையறைப் பக்கம் ஓர் அலாரம் மாட்டுங்கள். அது கத்தினாலோ, வீட்டில் பலருக்கு ஒன்றாகத் தலைசுற்றினாலோ, அடுப்பை அணைத்து, எல்லாரையும் வெளியே கூட்டிவந்து, 999-க்கு அழையுங்கள். அலாரம் இரண்டாவது காவல். முதல் காவல் சுவரில் இருக்கும் திறப்பு, அதற்குச் செலவு எதுவும் இல்லை.